பாட்டு கேட்க இறங்கியவன்

கெலேரா ஒரு நாளைக்கு நானூறு படி ஏறி இறங்கினாள். மிஷன் குன்றின் உச்சியில் வீடு. குன்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றொன்பது படிகள். இருநூறாவது படி நேரே பரலோகத்துக்குப் போவதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று தீவு ஊரான லெவுகாவில் சொல்வார்கள். விடியுமுன் ஐந்தே காலுக்கு இறங்கிக் கடலோரச் சாலையில் நடந்தால், ஆறு மணிச் சங்கு ஊதும்போது மீன் ஆலை வாசலில் இருப்பாள். அவித்த சூரை மீனின் தோலை உரித்து, முள்ளை எடுத்து, கறுப்புச் சதையைச் சுரண்டித் தள்ளிவிட்டு வெள்ளைச் சதையைத் தட்டில் அடுக்குவது வேலை. எட்டு மணி நேரமும் நின்றபடிதான். தலையில் வலை, வாயில் துணி, காலில் ரப்பர் பூட்ஸ். இருபத்திரண்டு வருஷமாக அந்த வாடை அவள் தோலுக்குள் இறங்கிவிட்டது. எலுமிச்சம்பழம் தேய்த்துக் குளித்தாலும் பூனைகள் பின்னாலேயே வரும்.

சாயங்காலம் ஒரு கையில் மண்ணெண்ணெய், மறு கையில் மரவள்ளிக்கிழங்கோ மீன் தலையோ தூக்கிக்கொண்டு ஏறுவாள். ஐம்பத்தொரு வயது முழங்கால் எழுபதாவது படியில் முனகத் தொடங்கும். மேலே பெனியாசி காத்துக்கொண்டிருப்பான்.

பெனியாசி துறைமுகத்தில் கப்பலிலிருந்து உறைந்த மீனை இறக்குகிறவனாக இருந்தவன். கல் மாதிரி உறைந்த சூரையை ஆளுக்கொன்றாக மற்றவர்கள் தூக்கும்போது இவன் இரண்டு தோளிலும் ஒவ்வொன்று வைத்து நடப்பான். ரக்பியில் முன்வரிசை. சர்க்கரை வியாதி அந்த உடம்பைப் பார்த்துப் பயப்படவில்லை. கட்டைவிரலில் ஒரு சிறு புண்ணாக வந்து, எட்டு மாதத்துக்கு முன்னால் இடது காலை முழங்காலுக்குக் கீழே வாங்கிக்கொண்டு போனது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவனைக் குன்றின் மேல் ஏற்றிய கதை ஊருக்கே தெரியும். ரக்பிக் குழுவின் எட்டுப் பேர் ஒரு பழைய கதவைக் கொண்டுவந்து, அதில் அவனைப் படுக்கவைத்துத் தூக்கினார்கள். பாதிக்கு மேல் போனதும் மழை பிடித்துக்கொண்டது. பாசிப் படியில் முன்னால் இருந்தவன் வழுக்க, கதவு சாய, பெனியாசி சறுக்கிப்போய் செம்பருத்திச் செடியைப் பிடித்துத் தொங்கினான். இடுப்பில் சுற்றியிருந்த சுலுத் துணி கழன்று படியில் கிடந்தது. கீழே சாலையில் நின்றவர்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். கெட்ட மனசில் சிரித்ததல்ல, தாங்க முடியாமல் வந்த சிரிப்பு. அது யாரென்று பெனியாசி இன்றுவரை கேட்டதில்லை. வீட்டுக்குள் கொண்டுவந்து கிடத்தியதும், "இனிமே நான் இறங்கினா பெட்டியிலதான்" என்றான். அன்றிலிருந்து வாசல்படி தாண்டவில்லை.

அவன் தாண்டாததால் அவளும் தாண்ட முடியாமல் போனது. சபைப் பெண்கள் கூட்டத்துக்குப் போவதை விட்டாள். லாட்டோகாவில் மகள் பிரசவித்து நாலு மாதம் ஆகிறது, பேத்தியின் முகத்தைப் போனில்தான் பார்த்தாள். வேலைக்குப் போகுமுன் வாளியைக் கொட்டி, தண்ணீர் வைத்து, கிழங்கை அவித்து மூடிவைத்துவிட்டுப் போனால் திரும்பும் வரை நெஞ்சில் ஒரு கயிறு இழுத்துக்கொண்டே இருக்கும். ஆலையில் கேட்கிறவர்களிடம், இப்போது தேவலாம், எழுந்து உட்கார்ந்துகொள்கிறான் என்பாள். அவன் எந்நேரமும் உட்கார்ந்துதான் இருந்தான். அதுதான் வியாதியே.

வருஷத்துக்கு இரண்டு தடவை தலைநகரிலிருந்து செயற்கைக் கால் வைக்கிறவர்கள் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். போன முறை பெனியாசி போகவில்லை. இந்த முறை திருவிழா முடிந்த செவ்வாய்க்கிழமை வருகிறார்கள். இப்போதும் வராவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவோம், காலும் மடங்கியபடியே இறுகிப்போகும் என்று நர்ஸ் சொல்லியனுப்பியிருந்தாள். கெலேரா அதை ஒரே ஒரு தடவை அவனிடம் சொன்னாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

திருவிழா வாரத்தில் லெவுகா வேறு ஊராகிவிடும். பிழைக்கப் போனவர்களெல்லாம் படகில் வந்து இறங்குவார்கள். கடல் சுவர் ஓரமாகத் தார்ப்பாய்ப் பந்தல்கள், மாலை கட்டிய லாரிகள், மேடை, எட்டு ஊருக்குக் கேட்கும் ஒலிபெருக்கி. வெள்ளிக்கிழமை ஆலையில் அரை நாள் விடுமுறை. கெலேரா வேலை முடிந்து மேலே ஏறி, பெனியாசிக்குச் சோறு வைத்தாள். பெண்கள் சங்கத்துப் பந்தலில் தேங்காய்ப்பாலில் வேகவைத்த மீன் விற்கிறார்கள், ரெண்டு தட்டு வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்றாள். அவன் ஜன்னல் மூடியபடியே இருக்கட்டும் என்றான். கீழேயிருந்து வரும் சத்தம் தலைவலியாம்.

அவள் இறங்கிப் போனபோது மணி மூன்று. பிரதான தீவிலிருந்து வரவேண்டிய பாட்டுக் குழு வரவில்லை. படகு என்ஜின் பழுதாகிப் பாதி வழியில் திரும்பிவிட்டது என்று செய்தி. மைக்கைப் பிடித்திருந்தவர் நேரத்தை ஓட்ட என்னவெல்லாமோ செய்தார். லாரி அலங்காரத்துக்குப் பரிசு கொடுத்தார், காணாமல் போன செருப்பை அறிவித்தார். கடைசியில், கூட்டத்தில் யாராவது பாடத் தெரிந்தவர் இருந்தால் வரலாம் என்றார். வெயில் தகரமாய்க் காய்ந்தது. ஜனங்கள் கலையத் தொடங்கியிருந்தார்கள்.

அப்போதுதான் ஆலையின் வெள்ளை பூட்ஸைக்கூடக் கழற்றாத ஒருத்தி மேடையில் ஏறினாள். கட்டையான உடம்பு, பழைய பூப்போட்ட சட்டை. வாலிபர் சங்கத்துக் கிட்டார் ஒன்று நாற்காலியில் சாய்ந்திருந்தது. அதை எடுத்து, தலைகீழாகத் திருப்பி, இடது கையால் தந்தியைத் தட்டிப் பார்த்தாள். கூட்டத்தில் சிலர் கிட்டாரை எப்படிப் பிடிப்பதென்றே தெரியாதவள் என்று நினைத்து உஸ்ஸென்றார்கள். கெலேராவுக்கு முகம் பிடிபடவில்லை. அந்தக் கைதான் பிடிபட்டது. இடது கையில் கத்தி பிடித்து, வெட்டுமுன் ஒருதரம் மணிக்கட்டைச் சொடுக்கும் கை. ஏழாம் மேசையில் பதினோரு வருஷமாக அவளுக்கு நேர் எதிரே நிற்கும் தித்திலியா.

தித்திலியாவைப் பற்றி கெலேராவுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். கோரோத் தீவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷன் கடலில் போய்விட்டான். இரண்டு பிள்ளைகளோடு புருஷனின் அண்ணன் யோசதேகியின் வீட்டில் இருக்கிறாள். அவர் சபையில் பிரசங்கம் செய்கிறவர், கெட்டவரல்ல, வீட்டில் அவர் பேசினால் மற்றவர்கள் பேசமாட்டார்கள், அவ்வளவுதான். ஆலையில் அவளுக்கு ஊமைச்சி என்று பெயர். கத்தி கொடு, தட்டு நிறைந்துவிட்டது, இந்த இரண்டு வார்த்தைதான் கெலேரா அவள் வாயால் கேட்டிருக்கிறாள்.

அந்த ஊமைச்சி பூட்ஸ் காலால் பலகையை நாலு தரம் உதைத்தாள். கிட்டார் குதிரை மாதிரி கிளம்பியது. வலது கையால் வாசிக்கிறவர்கள் மேலிருந்து கீழே வாரும் தந்தியை இவள் கீழிருந்து மேலே அள்ளினாள். அதனால் தெரிந்த பாட்டிலும் தெரியாத ஒரு முறுக்கு இருந்தது. குரல் இனிமையான குரலில்லை. துறைமுகத்தில் கயிறு வீசுகிறவன் கூப்பிடுகிற மாதிரி நீண்டு, உடைந்து, உடைந்த இடத்திலிருந்தே மேலும் மேலே போகிற குரல். இரண்டு பழைய பாட்டு பாடிவிட்டு, மூன்றாவதைச் சொந்தமாகக் கட்டத் தொடங்கினாள்.

ஆறு மணிக்குக் கூப்பிடுறான், என் புருசன் இல்ல, சங்கு.
நாள் பூரா கையப் பிடிக்கிறான், காதலன் இல்ல, மீனு.
வீட்டுக்கு வந்தா மோந்து பாத்து, பூனை மட்டும் கொஞ்சுது.

ஆலைப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கலைந்த கூட்டம் திரும்பியது. தித்திலியா மேடையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஓடினாள், மண்டி போட்டாள், ஒரு கிழவரைப் பார்த்துக் கண்ணடித்தாள், ஒவ்வொரு மேசைப் பெண்களையும் பெயர் சொல்லிப் பாட்டுக்குள் இழுத்தாள். பவுடர் டப்பாவோடு நாலைந்து பேர் மேடைக்கு ஓடி அவள் கழுத்திலும் தலையிலும் கொட்டினார்கள். பாட்டு பிடித்துப்போனால் ஊர் வழக்கம் அது. வேர்வையில் பவுடர் குழைந்து அவள் சுண்ணாம்பு பூசின சுவர் மாதிரி ஆனாள். நிறுத்தவில்லை. கீழே வரிசையாகத் தோள் கோத்து எல்லாரும் தரலலா ஆட்டம் ஆடத் தொடங்கினார்கள். யாரோ கெலேராவின் இடுப்பில் கை போட்டு இழுத்தார்கள். அவளும் ஆடினாள். அவள் கழுத்திலும் ஒரு கைப் பவுடர் விழுந்தது.

ஏழு பாட்டு. கடைசிப் பாட்டு முடிந்து மூச்சு வாங்க நின்றபோதுதான் வெயில் மஞ்சளாகிவிட்டதைக் கெலேரா பார்த்தாள். ஐந்தரை. இரண்டரை மணி நேரமாகப் பெனியாசி அவள் நினைவில் இல்லை. பயந்துபோனாள். ஆனால் அதைவிடப் பயமாக இருந்தது வேறொன்று. அந்த இரண்டரை மணி நேரமும் நெஞ்சில் கயிறு இல்லை. எவ்வளவு லேசாக இருந்தது என்று இப்போது தெரிந்தது.

ஓடவேண்டியவள் ஓடாமல் மேடைக்குப் பின்னால் போனாள். தித்திலியா கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் ரத்தம் கட்டியிருந்தது.

"பதினோரு வருசமா உன் எதிர்ல நிக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லலியே நீ."

"நீ கேக்கலியே" என்றாள் தித்திலியா.

"வாயத் தொறக்காதவகிட்ட பாடுவியான்னு எவ கேப்பா?"

"துணியக் கட்டிக்கிட்டு என்னத்தத் தொறக்குறது." சிரித்தாள். முன்பற்களுக்கு நடுவே இடைவெளி இருந்தது. கெலேரா அதையும் இன்றுதான் பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்பு கோரோவில் அப்பாவோடு வாசித்தது, இங்கே வந்து பதினாறு வருஷம் கிட்டாரைத் தொடவில்லை என்றாள். அப்படியானால் கை எப்படி மறக்கவில்லை என்று கெலேரா கேட்டாள்.

"மறந்துதான் போச்சு. நாலு எடத்துல தப்பா வாசிச்சேன். உங்களுக்குத் தெரியல."

"எப்படித்தான் தைரியம் வந்துச்சு உனக்கு?"

தித்திலியா இளநீரைக் கீழே வைத்தாள். வாதாமரத்தடியில் யோசதேகி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவரைப் பார்த்தபடி தாழ்ந்த குரலில் சொன்னாள். "ஒரு பாட்டோட இறங்கிடலாம்னுதான் ஏறினேன். அவரப் பாத்துட்டேன். மேல நிக்கிற வரைக்கும் என்னை யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது, எறங்கினாத்தானே. அதான் நிறுத்தல."

நாளைக்கும் பாடுவாயா என்று கேட்டதற்கு, அவர் என்ன சொல்கிறாரோ என்று மட்டும் சொன்னாள். பிறகு எழுந்து, பூட்ஸில் மணலைத் தட்டிவிட்டு, வாதாமரத்தடிக்கு நடந்தாள். ஆலையில் நடக்கிற அதே நடை.

கெலேரா இரண்டு தட்டை வாங்கிக்கொண்டு நிற்காமல் ஏறினாள். வீட்டுக்குள் இருட்டாக இருந்தது. கட்டிலில் ஆளில்லை. பெனியாசி கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே, சுவரோரமாக விழுந்து செருகிக் கிடந்தான். ஒரு கை உடம்புக்கு அடியில் மாட்டியிருந்தது. தரை நனைந்திருந்தது.

"எவ்வளவு நேரமா?"

"தெரியல."

"கூப்பிட்டிருக்கலாம்ல. அக்கம்பக்கத்துக்குக் கேட்டிருக்கும்."

"கூப்பிட்டேன். பாட்டுச் சத்தம்."

அலமாரியை முதலில் இழுத்தாள். பிறகு அவன் கக்கத்தில் கை கொடுத்து, தன் முதுகைக் கட்டில் சட்டத்தில் முட்டுக் கொடுத்து, மூன்று முயற்சியில் அவனைத் தூக்கி உட்காரவைத்தாள். இருவருக்கும் மூச்சு இரைத்தது. சுலுவை அவிழ்த்து, வெந்நீரில் துணி நனைத்து உடம்பைத் துடைத்தாள். தண்ணீர் எடுக்கப் போனேன் என்றான். அவள் குனிந்து துடைத்துக்கொண்டிருந்தபோது அவன் விரல் அவள் கழுத்தைத் தொட்டது. விரல் வெள்ளையாகியது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சுலுவில் தேய்த்துக்கொண்டான். திட்டுவான் என்று நினைத்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மீனைத் தின்று முடித்த பிறகுதான் வாயைத் திறந்தான். "யாரு பாடினது?"

"தித்திலியா."

"எந்தத் தித்திலியா?"

"என் மேசைக்காரி. எதிர்ல நிக்கிறவ."

"அந்த ஊமைச்சியா? போடி."

"ஊமைச்சிதான். கிட்டாரத் தலைகீழாப் பிடிச்சிக்கிட்டு, பூட்ஸோட ஆடுறா."

"தலைகீழாவா?" நம்பாமல் அவளைப் பார்த்தான். "அதான் அப்படிக் கேட்டுதா. என்னடா இது, தந்திய யாரோ பின்னாலேருந்து வாசிக்கிற மாதிரி இருக்கேன்னு பாத்தேன்." அப்புறம் பூனையைப் பற்றி ஒரு வரி வந்ததே, அது என்ன, சரியாகக் கேட்கவில்லை என்றான். அவள் சொன்னாள். அவன் உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. சிரிப்பை அடக்குகிறான் என்று தெரிந்தது.

மறுநாள் காலை கூட்டும்போது ஜன்னலை முட்டுக் கொடுக்கும் கட்டை அலமாரிக்கு அடியில் கிடந்தது. கட்டிலருகே அவள் வைத்துவிட்டுப் போன தண்ணீர்ப் புட்டி கழுத்து வரை நிறைந்தபடியே இருந்தது. தண்ணீருக்குப் போகவில்லை, ஜன்னலுக்குப் போயிருக்கிறான். கெலேரா கட்டையை எடுத்து ஜன்னலைத் திறந்து முட்டுக் கொடுத்தாள்.  அவன் மூடச் சொல்லவில்லை.

சனிக்கிழமை அவள் இறங்குவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். துணி துவைத்தாள். சேப்பங்கீரையைத் தேங்காய்ப்பாலில் போட்டு வைத்தாள். கடலுக்கு மேலே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. பத்து மணிக்கு ஒலிபெருக்கி கரகரத்தது. சபைப் பாடல்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், பேச்சுகள். பெனியாசி கட்டிலிலிருந்து தரைக்கு இறங்கி, தரையில் நகர்ந்து, வாசல் வரை வந்து உட்கார்ந்தான். எட்டு மாதத்தில் அதுவே முதல் தடவை. அவள் பார்க்காதது போல் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். சிறிது நேரம் கழித்துத் திரும்பியபோது அவன் வாசல்படியில் இல்லை. அடுத்த படியில் இருந்தான்.

"எங்க போறே?"

"காத்து வாங்க."

"வீட்ல காத்து இல்லியா?"

"கீழ நல்லா இருக்கும்."

உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, உடம்பைத் தூக்கி, அடுத்த படிக்கு இறக்கினான். நல்ல கால் முன்னால் போய் இடம் பார்த்தது. கட்டுப் போட்ட முழங்கால் காற்றில் நின்றது. பத்தாவது படியில் சுலு கிழிந்தது. கெலேரா வீட்டுக்குள் ஓடி, ஆலையில் உடுப்பு நனையாமல் முன்னால் கட்டும் ரப்பர் விரிப்பைக் கொண்டுவந்து அவன் இடுப்புக்குக் கீழே சுற்றிக் கட்டினாள். படி ஒவ்வொன்றும் ஒரே உயரமில்லை. சிலது பாசி, சிலது உடைசல். அவள் ஒரு படி முன்னால் நின்று, வழுக்கும் இடத்தைத் துணியால் துடைத்துக்கொடுத்தாள். ஏன் எதற்கு என்று இருவரும் பேசவில்லை. செம்பருத்திச் செடி வந்தபோது அவன் அதைப் பார்க்காமல் கடலைப் பார்த்தான். அறுபது படி இறங்குவதற்குள் உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது. எண்பதில் தோள் நடுங்கத் தொடங்கியது. எதிரே ஏறி வந்த ஓரிருவர் குட் மார்னிங் மாதிரி ஏதோ முணுமுணுத்துவிட்டு, செடி ஓரம் ஒதுங்கிப் போனார்கள். அந்த ஒதுங்கல் அவனைச் சுட்டது. கழுத்து சிவந்துபோனது.

தொண்ணூறு தாண்டி ஒரு திருப்பத்தில் விலியாமேயின் வீடு. விலியாமே கடாவுத் தீவுக்காரன். அந்தத் தீவு ஆட்களுக்கும் பெனியாசியின் ஊர் ஆட்களுக்கும் பரம்பரையாகக் கேலி முறை, மாமன் மச்சான் மாதிரி. சாவு வீட்டில்கூட ஒருத்தரை ஒருத்தர் கிண்டல் செய்யாமல் விடக்கூடாது. எட்டு மாதமாக விலியாமே மேலே வந்து எட்டிப் பார்க்கவில்லை. கிண்டல் செய்ய மனசில்லை, கிண்டல் செய்யாமல் இருக்கவும் முறையில்லை என்று ஒதுங்கியிருந்தான். இப்போது முற்றத்தில் யங்கோனா வேர்ப் பானம் கலக்கிக்கொண்டிருந்தவன், படியில் ரப்பர் கட்டிக்கொண்டு வருகிற உருவத்தைப் பார்த்து, கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்தான்.

"என்ன மச்சான், தேங்கா நண்டு எறங்கி வருதுன்னு பானை வைக்கச் சொல்லலாம்னு பாத்தேன். நீதானா?"

கெலேராவுக்கு உயிர் போய் வந்தது. பெனியாசி நின்று மூச்சு வாங்கினான்.

"நண்டுக்கு எட்டுக் காலு. எனக்கு ஒண்ணுதான். உங்க ஊர்க்காரனுக்கு எண்ணத் தெரியாதுன்னு சொல்லுவாங்க, சரிதான்."

விலியாமே தலையை ஆட்டி, "கொழுப்பு மட்டும் கொறையல" என்றான். ஒரு கிண்ணம் கலக்கிப் படிக்கே கொண்டுவந்து கொடுத்தான். பெனியாசி முறைப்படி கைகொட்டி வாங்கிக் குடித்தான். ரத்தக் கை கொட்டிய சத்தம் ஈரத் துணி அடிப்பதுபோல் இருந்தது.

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. கையை ஊன்றினால் முழங்கை மடங்கியது. கீழே நூறுக்கு மேல் படி, மேலே தொண்ணூறு. நாலு பேரைக் கூப்பிடட்டுமா என்று விலியாமே கேட்டான். வேண்டாம் என்ற ஒரே சொல்லில் அந்தப் பேச்சு முடிந்தது. தூறல் விழத் தொடங்கியது. ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் ஊருக்கு நடுவே, ஊர் பார்க்க, அவர்கள் அந்தப் படியில் உட்கார்ந்திருந்தார்கள். அங்கிருந்து மேடையின் தார்ப்பாய்க் கூரையும், முன்னால் கூட்டமும், கடல் சுவரும் தெரிந்தன. கெலேரா நினைத்தாள். நாளைக்கு, அடுத்த மாதம், பத்து வருஷம் கழித்து, இப்படியேதான் இவன் பக்கத்தில் ஏதாவது ஒரு படியில் உட்கார்ந்திருப்பேன்.

ஒலிபெருக்கியில் பூட்ஸ் நாலு தரம் உதைத்தது.

பெனியாசி நிமிர்ந்தான். தித்திலியா சின்னதாக, வெள்ளை பூட்ஸோடு தெரிந்தாள். வாதாமரத்தடியில் யோசதேகியின் கறுப்புக் கோட்டும் தெரிந்தது. அவர் அனுமதித்தாரா, அனுமதிக்காமலே ஏறிவிட்டாளா, தெரியவில்லை. கிட்டார் கிளம்பியது. பெனியாசியின் நல்ல கால் படியில் தாளம் போட்டது.

"போ" என்றான்.

"எங்க?"

"கீழ. போய் ஆடு."

"உன்ன இங்க விட்டுட்டா?"

"நான் எங்க ஓடிடப் போறேன்?"

அவள் அசையவில்லை. அவன் மேடையைப் பார்த்தபடியே கேட்டான். "நேத்து விட்டுட்டுப் போனியே. நல்லா இருந்துச்சா?"

மழை அவள் முகத்தில் வழிந்தது. இல்லை என்று சொல்ல வாய் எடுத்தாள். எட்டு மாதமாக ஆலையில் சொல்லி வந்த பொய்கள் எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் வரிசையாக நின்றன. அவளுக்கு அலுத்துவிட்டது.

"நல்லா இருந்துச்சு" என்றாள். "உன் நெனப்பே இல்ல."

அவன் முகத்து மழையைப் புறங்கையால் வழித்துவிட்டான்.  பிறகு, "அப்பறம் என்ன. போ" என்றான். கோபமா இல்லையா என்று குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை.

கெலேரா போனாள். முழங்கால் முனகவில்லை. சாலையைத் தாண்டிக் கூட்டத்துக்குள் நுழைந்ததும் ஆலைப் பெண்கள் இடம் விட்டார்கள். தித்திலியா மேடையிலிருந்து அவளைப் பார்த்துவிட்டாள். பார்த்ததும் குன்றின் பக்கம் கண்ணை உயர்த்தினாள். படியில் பெரிய உருவமாக உட்கார்ந்திருந்தவனையும் பார்த்துவிட்டாள். பாட்டுக்குள் அவன் பெயரை இழுப்பாளோ என்று கெலேரா நடுங்கினாள். தித்திலியா இழுக்கவில்லை. மாறாக, நேற்றுப் பாடிய பூனைப் பாட்டை மறுபடி எடுத்து, ஒவ்வொரு சொல்லும் குன்று வரை போய்ச் சேரும்படி நிறுத்தி நிறுத்திப் பாடினாள். விரலில் கட்டியிருந்த துணி சிவந்தது. கூட்டம் மழையில் கலையவில்லை. பவுடர் நனைந்து மாவாக ஒழுகியது.

கெலேரா ஆடிக்கொண்டே மேலே பார்த்தாள். பெனியாசி ஒரு கையைத் தூக்கி ஏதோ கத்திக்கொண்டிருந்தான். கையை ஆட்டினான். மறுபடி கத்தினான். வா என்கிறானா, ஆடு என்கிறானா, வழுக்கிவிட்டதா, ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். ஊரே அவனைப் பார்த்தது. நெஞ்சில் கயிறு இறுகியது. அவள் கால் நின்றது. நின்ற கால் திரும்பவும் ஆடத் தொடங்கியது. பாட்டு முடியட்டும் என்று நினைத்தாள். முடியும் வரை ஆடினாள்.

திரும்பி ஏறி வந்தபோது விலியாமே அவனுக்கு மேலே ஒரு தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். என்னத்துக்குக் கத்தினாய் என்று மூச்சிரைக்கக் கேட்டாள்.

"தள்ளி ஆடுன்னேன்" என்றான் பெனியாசி. "அவ கையப் பாக்க விடாம மறைச்சிட்டே."

அன்றைக்கும் அடுத்த நாட்களுக்கும் விலியாமேயின் தாழ்வாரத்தில்தான் பாய் போட்டார்கள். மேலே ஏறுவதற்கு அவன் கையில் தோலில்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் யோசதேகி அடக்கத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். தித்திலியா மூன்றாம் வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். திங்கட்கிழமை ஏழாம் மேசையில் வாயில் துணியோடு மீன் உரித்தாள். கெலேரா அவளிடம் பேச்சுக் கொடுத்தாள். அவள் கத்தியை நீட்டினாள், அவ்வளவுதான். ஆனால் அவ்வப்போது துணிக்குப் பின்னால் ஏதோ ஒன்று முனகியது. சங்கு ஊதும் வரை அது நிற்கவில்லை.

செயற்கைக் கால் வைக்கிறவர்கள் வரும் செவ்வாய்க்கிழமை, நாலரை மணிக்கே பெனியாசி அவளை எழுப்பினான். விடிவதற்குள் மீதிப் படியை இறங்கிவிட வேண்டும், யாரும் பார்க்கக்கூடாது, கீழே இருந்தால் ஆஸ்பத்திரி வண்டி வந்து ஏற்றிக்கொள்ளும் என்றான். கையில் கோணிச் சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டான். அவன் கணக்குத் தப்பிவிட்டது. கடைசிப் படியில் இறங்கிச் சாலையோரம் சுவரில் சாய்ந்தபோது பொழுது வெளுத்து, ஆலைக்குப் போகும் பெண்கள் சாரிசாரியாக வந்துகொண்டிருந்தார்கள். ஒளிய இடமில்லை. ஏறவும் வழியில்லை.

முதலில் வந்தவள் யாந்த்ரா என்றாள். சாலையில் யாரைப் பார்த்தாலும் காலையில் சொல்லும் வணக்கம்தான். அவன் தலையைத் தூக்கி, யாந்த்ரா என்றான். அடுத்தவள் சொன்னாள், அவளுக்கும் சொன்னான். இருநூறு பேருக்கு மேல் இருக்கும். ஒருத்திக்குச் சொல்லி இன்னொருத்திக்குச் சொல்லாமல் விட முடியாது. பாதிக்கு மேல் அவன் குரல் கம்மிப்போனது. கடைசி ஆளாகத் தித்திலியா வந்தாள், பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு. அவள் வாய் திறக்கவில்லை. நின்று, அவனைப் பார்த்து, புருவத்தை ஒருதரம் உயர்த்தி இறக்கிவிட்டு நடந்தாள்.

சங்கு ஊதியது. வண்டி இன்னும் வரவில்லை. கெலேரா அவனைப் பார்த்தாள், சாலையைப் பார்த்தாள். பிறகு சுவரோரம் தண்ணீர்ப் புட்டியை வைத்துவிட்டு, மற்றப் பெண்களுக்குப் பின்னால் ஆலைக்கு நடந்தாள்.